டுலூத்: சுப்பீரியர் ஏரிக்கரை ஊரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மினியாபோலிஸ் பக்கம் வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள், "லாங் வீக்கெண்டுக்கு எங்கே போகலாம்" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் ஊர் டுலூத். போனவர்கள் பாலத்தின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் இது அடிப்படையில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு துறைமுக ஊர், சுற்றுலா எல்லாம் அப்புறம் வந்தது. அதைத் தெரிந்துகொண்டு போனால் பார்ப்பதெல்லாம் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் கீழே கப்பல் கதை கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

டுலூத் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சுப்பீரியர் ஏரியின் மேற்கு முனையில். மினியாபோலிஸிலிருந்து வடக்கே சுமார் 150 மைல், காரில் இரண்டரை மணி நேரம். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுப்பீரியர் என்ற ஊர் விஸ்கான்சின் மாநிலம். இரண்டு ஊரும் ஒரே துறைமுகத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால் 'ட்வின் போர்ட்ஸ்' என்று சேர்த்தே சொல்வார்கள்.

எவ்வளவு பெரிய ஊர்?

2020 கணக்கெடுப்பில் 86,697 பேர். மினசோட்டாவில் ஐந்தாவது பெரிய நகரம். நம் ஊர்க் கணக்கில் ஒரு நகராட்சி அளவுதான். 1960-ல் 1,06,884 பேர் இருந்தார்கள், அதன் பிறகு குறைந்து இப்போது எண்பதாயிரத்துச் சொச்சத்தில் நிற்கிறது. ஆள் குறைவு, ஊர் நீளம்: கரையை ஒட்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அகலம் கிடையாது, ஏனென்றால் கரையிலிருந்தே பாறைக் குன்று கிளம்பிவிடுகிறது. கீழே ஏரி, மேலே குன்று, நடுவில் சரிவில் வீடுகள். பனிக்காலத்தில் அந்தச் சரிவுத் தெருக்களில் கார் ஓட்டுவது தனி வித்தை.

பெயர் எப்படி வந்தது?

1679-ல் இந்தப் பக்கம் வந்த டானியல் கிரேசொலோன், சியர் டு லூட் என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர். அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இங்கே இருந்தவர்கள் பூர்வகுடிகள். டகோட்டா மக்கள், பிறகு ஓஜிப்வே மக்கள். 1854-ல் லா பாயின்ட் ஒப்பந்தத்தில் ஓஜிப்வே மக்கள் ஏரியின் வடகரை நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று, அதற்குப் பிறகுதான் வெள்ளையர் குடியிருப்பு வேகம் பிடித்தது. ஃபான் டு லாக் ஓஜிப்வே மக்களின் ஒதுக்கீட்டு நிலம் இன்றும் ஊருக்கு மேற்கே பக்கத்திலேயே இருக்கிறது.

ஏரி என்கிறீர்கள், படத்தில் கடல் மாதிரி இருக்கிறதே?

நேரில் பார்த்தாலும் அப்படித்தான். பரப்பளவில் உலகத்திலேயே பெரிய நன்னீர் ஏரி: சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். உலகத்தின் நிலமேல் நன்னீரில் பத்தில் ஒரு பங்கு இதிலேயே இருக்கிறது என்பார்கள். அலை அடிக்கும், புயல் வரும், மூடுபனியில் கப்பல் ஊதும், ஆனால் உப்பு வாசனை மட்டும் இருக்காது. கடல்போல நாள்தோறும் ஏறி இறங்கும் ஓதமும் கிடையாது. காற்று பலமாக ஒரே பக்கம் தள்ளினால் மட்டும் தண்ணீர் ஒரு கரையில் ஏறி, அப்புறம் மறுகரைக்குத் திரும்பித் தளும்பும்.

கடலே இல்லாத நாட்டு நடுவில் எப்படிக் கப்பல் வருகிறது?

டுலூத்திலிருந்து அட்லாண்டிக் கடல் 2,342 மைல், அதாவது 3,700 கிலோமீட்டருக்கு மேல். கடல் மட்டத்தைவிட ஏரி சுமார் 183 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தையும் கப்பல் படிப்படியாக ஏறி வருகிறது. வழியில் 'லாக்' என்ற அமைப்புகள் இருக்கின்றன: இரண்டு பக்கமும் கதவு வைத்த பெரிய தொட்டி, கப்பல் உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீர் விட்டால் கப்பல் மேலே எழும், அப்புறம் முன்கதவு திறக்கும். நயாகரா அருவியைச் சுற்றிக்கொண்டு போக வெல்லண்ட் கால்வாயில் எட்டு லாக். சுப்பீரியர் ஏரிக்குள் நுழையும் இடத்தில் சூ லாக்ஸ். 1959-ல் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி திறந்த பிறகுதான் பெரிய கடல் கப்பல்கள் இதுவரை வர ஆரம்பித்தன.

ஊர்க்காரர்களுக்குக் கப்பல் இரண்டு சாதி. ஏரிக்குள்ளேயே காலம் முழுக்க ஓடுவது 'லேக்கர்', கடலிலிருந்து வருவது 'சால்ட்டி'. லேக்கரில் பெரியவை ஆயிரம் அடி நீளம். அவை வெல்லண்ட் கால்வாய் லாக்குகளுக்குள் அடங்காததால் மேல் ஏரிகளை விட்டுக் கடலுக்குப் போகவே முடியாது. ஏரியிலேயே கட்டப்பட்டு, ஏரியிலேயே ஓய்வு பெறும் கப்பல்கள்.

அப்படி என்னதான் ஏற்றுகிறார்கள்?

முதலிடம் இரும்புத் தாதுக்கு. அப்புறம் நிலக்கரி, சுண்ணாம்புக்கல், தானியம், சமீப காலத்தில் காற்றாலை இறக்கைகளும் தூண்களும்.

இரும்புக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஊரின் சோறே அதில்தான் வந்தது. டுலூத்துக்கு வடக்கே மெசாபி ரேஞ்ச் என்று ஒரு நீண்ட தாதுப் பகுதி. 1890-களிலிருந்து அங்கே வெட்டிய தாது ரயிலில் டுலூத்துக்கும் பக்கத்துத் துறைமுகங்களுக்கும் இறங்கி, கப்பலில் ஏறி ஓஹையோ, இந்தியானா, பென்சில்வேனியா உருக்காலைகளுக்குப் போனது. இரண்டு உலகப்போரிலும் அமெரிக்கா கட்டிய கப்பல், டாங்கி எல்லாவற்றிலும் இந்த மண் இருக்கிறது. போர் முடிந்த கையோடு நல்ல தாது தீர்ந்துவர, மிச்சமிருந்தது டாகொனைட் என்ற கடினமான பாறை, அதில் இரும்பு குறைவு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பை இழுத்து, களிமண் கொஞ்சம் சேர்த்து உருட்டி, சூளையில் சுட்டு எடுப்பது. கிடைப்பது கோலிக்குண்டு அளவில் கருஞ்சாம்பலும் துருச்சிவப்பும் கலந்த உருண்டை. ரயில் பாதை ஓரத்தில் சிந்திக் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கும், விரலில் செம்மண் கறை ஒட்டும். ஆயிரம் அடிக் கப்பல் ஒரே நடையில் 60,000 டன்னுக்கு மேல் இதை ஏற்றிக்கொண்டு போகிறது.

அந்தத் தூக்குப் பாலம் எப்படி வேலை செய்கிறது?

ஊருக்கு முன்னால் பல மைல் நீளத்துக்கு ஒரு ஒல்லியான மணல் திட்டு நீண்டு கிடக்கிறது. பெயர் மினசோட்டா பாயின்ட், ஊர்க்காரர்கள் 'பார்க் பாயின்ட்' என்பார்கள். அதன் அடிப்பக்கத்தை வெட்டித்தான் 1871-ல் கப்பல் கால்வாய் போட்டார்கள். வெட்டியதும் திட்டு தீவாகிவிட்டது, அங்கே வீடு கட்டியவர்கள் ஊருக்குள் வர வழியில்லை. கோடையில் படகு, குளிர்காலத்தில் பனிக்கட்டி மேல் நடை.

1905-ல் இதற்கு ஒரு விசித்திரமான தீர்வு: உயரத்தில் ஒரு இரும்புச் சட்டம், அதிலிருந்து தொங்கும் ஒரு பெரிய கூண்டு. வண்டி, குதிரை, மனிதர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு கூண்டு கால்வாயின் குறுக்கே நகரும். கார்கள் பெருகியதும் கூண்டுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1929-30-ல் அதை மாற்றி, சாலையே மேலே எழும்பும் பாலமாக்கினார்கள். இரண்டு கோபுரங்களிலும் எடைக்கு எடை பாரம் தொங்குகிறது. பாலம் மேலே போனால் பாரம் கீழே வரும். ஆகையால் பெரிய மோட்டார் தேவையில்லை, சில நிமிஷத்தில் 135 அடி உயர்ந்துவிடும்.

கால்வாய் அகலம் 300 அடி, கப்பல் அகலம் 105 அடி. கரையில் நின்றால் மாலுமி கையசைப்பது தெரியும். கப்பல் ஒரு ஊது ஊத, பாலமும் பதிலுக்கு ஊதும். அந்த ஓசையைப் பக்கத்தில் நின்று கேட்டால் நெஞ்சுக்கூடு அதிரும், சின்னக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே காதைப் பொத்திவிடுங்கள். பார்க் பாயின்ட்வாசிகள் வேலைக்குத் தாமதமானால் 'பிரிட்ஜ் ஆகிவிட்டது' என்பார்கள். ஊரில் எல்லாரும் ஏற்றுக்கொள்ளும் ஒரே சாக்கு.

கப்பல் எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கப்பல் வரவு அட்டவணை இணையத்தில் கிடைக்கும். பாலத்தடியில் இருக்கும் கடல்சார் அருங்காட்சியகத்திலும் போட்டிருப்பார்கள், அங்கே நுழைவுக் கட்டணம் இல்லை. நேரம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும், நம் ஊர்ப் பேருந்து மாதிரி பொறுமை வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை சூ லாக்ஸ் மூடியிருக்கும். அந்தச் சமயத்தில் போனால் துறைமுகத்தில் பழுது பார்க்கக் கட்டிப்போட்ட கப்பல்களைத்தான் பார்க்கலாம்.

ஊர் ஜனங்களே மண்வெட்டி எடுத்து ராத்திரியோடு ராத்திரியாகக் கால்வாய் வெட்டினார்களாமே?

நல்ல கதை. எதிர்க்கரை சுப்பீரியர் ஊர்க்காரர்கள் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று வழக்குப் போட்டது உண்மை. தடை உத்தரவோடு அதிகாரி வந்துசேர்வதற்குள் ஆண், பெண், குழந்தைகள் எல்லாரும் சேர்ந்து வெட்டி முடித்துவிட்டார்கள் என்பது கட்டுக்கதை. நீராவியில் ஓடும் தூர்வாரும் இயந்திரம் 1870 இலையுதிர் காலத்தில் வேலையைத் தொடங்கி அடுத்த ஆண்டு முடித்தது. ஆனாலும் வழிகாட்டிகள் இந்தக் கதையை விடுவதாக இல்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்த ஊரைக் கிண்டல் செய்தார்கள் என்பது?

அது நிஜம். 1871 ஜனவரியில் கென்டக்கி உறுப்பினர் ஜே. பிராக்டர் நாட், ஒரு ரயில்பாதைக்கு நிலம் ஒதுக்கும் மசோதாவை எதிர்த்துப் பேசும்போது டுலூத்தை வைத்துச் சபையைச் சிரிக்கவைத்தார். வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஊர், அதைச் சொர்க்கம் என்கிறார்கள் என்ற தொனியில். பேச்சு நாடெங்கும் அச்சாகி, காசு செலவில்லாமல் ஊருக்கு விளம்பரம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு சிற்றூருக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள், இன்றும் அது பிராக்டர்தான்.

சிரித்தவர் முழுக்கத் தப்பும் இல்லை. ஊரை வளர்த்துவிட்டவர் ஜே குக் என்ற வங்கியாளர். 1873-ல் அவர் வங்கி கவிழ்ந்து நாடே நெருக்கடியில் விழுந்தபோது டுலூத்தில் பாதி ஜனம் மூட்டை கட்டியது. 1877-ல் நகரம் என்ற தகுதியே போய்க் கிராமமானது, 1887-ல்தான் திரும்பக் கிடைத்தது. நூறு வருஷம் கழித்து உருக்காலை மூடியபோதும் இதே கதை. 1980-களின் தொடக்கத்தில், 'கடைசியாக ஊரைவிட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகவும்' என்ற அர்த்தத்தில் ஒரு விளம்பரப் பலகை நின்றதை இப்போதும் ஊரில் சொல்வார்கள். கரையோர நடைபாதை, ஹோட்டல்கள், கேனல் பார்க் கடைத்தெரு எல்லாம் அந்த அடிக்குப் பிறகு எழுந்தவை. முன்பு அந்த இடம் கிடங்கும் பழைய இரும்புக் கடையுமாகக் கிடந்தது.

குளிர் எப்படி?

கொடுமை. ஜனவரி சராசரி மைனஸ் 12 செல்சியஸ் பக்கம், இரவில் மைனஸ் 25-க்குப் போவது சாதாரணம். ஒரு பருவத்தில் மொத்தம் ஏழு அடிக்கு மேல் பனி விழுகிறது. 1991 ஹாலோவீன் பனிப்புயலில் மட்டும் 36.9 அங்குலம்.

ஆனால் புதிதாக வருபவர்களை ஏமாற்றுவது கோடைதான். ஜூனில் குன்றின் மேல் டி-ஷர்ட் வெயில், பத்து நிமிஷத்தில் கீழே ஏரிக்கரைக்கு வந்தால் ஸ்வெட்டர் தேடுவீர்கள். காற்று கிழக்கிலிருந்து திரும்பினால் போதும், ஏரி மேல் குளிர்ந்து வந்து அரை மணி நேரத்தில் வெப்பநிலையைத் தலைகீழாக்கிவிடும். வானிலை அறிக்கையில் 'ஏரிக்கரையில் குளிர்ச்சி கூடுதல்' என்ற வரி நிரந்தரம். எந்த மாதம் போனாலும் காரில் ஒரு ஜாக்கெட் கிடக்கட்டும்.

ஏரி முழுக்க உறைந்துவிடுமா?

துறைமுகம் உறையும், கரையோரம் உறையும். முழு ஏரியும் அநேகமாக உறைவதில்லை. 2014 மாதிரி சில ஆண்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கிறது. கடுங்குளிர் நாளில் காலையில் போனால் தண்ணீரிலிருந்து ஆவி எழுந்து கரை முழுக்கப் புகையாக நிற்கும். உள்ளூர்க்காரர்கள்கூடக் காரை நிறுத்திப் பார்ப்பார்கள்.

குளிக்கலாமா?

பார்க் பாயின்டில் நல்ல மணல் கடற்கரை, சரி, ஏரிக்கரை இருக்கிறது. ஆகஸ்டில் இறங்கலாம். மற்ற மாதங்களில் கால் நனைப்பதோடு சரி. ஏரியின் சராசரி வெப்பநிலையே 4 செல்சியஸ்தான். அலை பெரிதாக இருக்கும் நாளில் உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு, எச்சரிக்கைக் கொடி பறந்தால் நீச்சல் தெரிந்தவரும் இறங்க வேண்டாம்.

குடிநீர்?

நேராக ஏரியிலிருந்துதான். 1890-களில் கட்டிய லேக்வுட் நீரேற்று நிலையம் இன்றும் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கிறது. குழாயிலேயே சில்லென்று வரும்.

1920-ல் இங்கே நடந்தது என்ன?

1920 ஜூன் 15. ஊருக்கு வந்த சர்க்கஸில் கூலி வேலை செய்த எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ என்ற மூன்று கறுப்பின இளைஞர்களை, ஒரு வெள்ளைப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகச் சொல்லி, ஆயிரக்கணக்கான பேர் கூடிக் காவல் நிலையத்தை உடைத்து இழுத்துவந்து விளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பரிசோதித்த மருத்துவருக்குக் குற்றம் நடந்ததற்கான அடையாளம் கிடைக்கவில்லை. கூட்டம் நின்று எடுத்துக்கொண்ட படம் தபால் அட்டையாக விற்றது. கொலைக்கு ஒருவரும் தண்டனை பெறவில்லை. கலவரம் செய்ததற்காக மூன்று பேர் சில மாதங்கள் உள்ளே இருந்தார்கள், அவ்வளவுதான். அதே பலாத்காரக் குற்றச்சாட்டில் சிறை சென்ற மேக்ஸ் மேசன் என்ற கறுப்பினத்தவருக்கு 2020-ல், அவர் இறந்து வெகுகாலம் கழித்து, மாநிலம் மன்னிப்பு வழங்கியது.

பல பத்தாண்டுகள் ஊர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2003-ல் சம்பவம் நடந்த தெருமுனைக்கு எதிரே மூவரின் உருவங்களோடு நினைவிடம் திறந்தார்கள். முதல் தெருவும் இரண்டாவது கிழக்கு அவென்யூவும் சந்திக்கும் இடம், கேனல் பார்க்கிலிருந்து நடந்தே போகலாம். டுலூத் பயணக் குறிப்புகளில் பெரும்பாலும் இது இருப்பதில்லை. பாலத்தைப் பார்க்கப் போகிறவர்கள் இதையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பேன்.

பாடகர் பாப் டிலன் இந்த ஊரா?

பிறந்தது இங்கே, 1941 மே 24. சின்ன வயதிலேயே குடும்பம் இரும்புச் சுரங்க ஊரான ஹிப்பிங்குக்குப் போய்விட்டது. 1959 ஜனவரி 31 அன்று டுலூத் ஆர்மரியில் பாடகர் பட்டி ஹாலியை நேரில் பார்த்ததை, 2016-ல் கிடைத்த நோபல் பரிசுக்கான உரையிலும் சொல்லியிருக்கிறார். ஹாலி அதற்கு மூன்று நாள் கழித்து விமான விபத்தில் இறந்துபோனார்.

எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது இங்கேயா?

கிளம்பியது இங்கே, எதிர்க்கரை சுப்பீரியர் துறையில் 26,000 டன் டாகொனைட் ஏற்றிக்கொண்டு, 1975 நவம்பர் 9. மறுநாள் மாலை ஏரியின் கிழக்குக் கோடியில், கனடா கடற்பகுதியில் புயலில் மூழ்கியது. 29 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அபாயச் செய்திகூட அனுப்பவில்லை. காரணம் என்ன என்று இன்றுவரை வாதம் ஓயவில்லை. ஒவ்வொரு நவம்பர் 10-ம் தேதியும் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கத்தில் இறந்தவர்கள் நினைவாக விளக்கேற்றுகிறார்கள்.

இப்போது என்ன வேலை கிடைக்கும்?

அதிகம் பேருக்குச் சம்பளம் கொடுப்பது மருத்துவமனைகள். அப்புறம் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகம். சிரஸ் என்ற சிறு விமான நிறுவனத்தின் தலைமையகமும் இங்கேதான். முழு விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட்டை வழக்கமான பொருத்தமாக்கியவர்கள் அவர்கள். துறைமுக வேலை ஆள் கணக்கில் குறைந்துவிட்டது. முன்பு நூறு பேர் செய்ததை இப்போது ஒரு கன்வேயர் பெல்ட் செய்கிறது.

எப்படிப் போவது?

கார்தான். டெக்சாஸில் மெக்சிகோ எல்லையில் தொடங்கும் ஐ-35 நெடுஞ்சாலை டுலூத்தில்தான் முடிகிறது. குன்றின் உச்சியைத் தாண்டியதும் ஏரி முழுசும் ஒரே வீச்சில் கண்ணில் படும், ஓட்டுபவர் சாலையைப் பார்க்கவும். சின்ன விமான நிலையம் உண்டு. பயணிகள் ரயில் 1985-ல் நின்றுபோனது, திரும்பக் கொண்டுவருவோம் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளூரில் பேருந்து ஓடுகிறது. தெருவில் கார் நிறுத்தினால் ஒரு வாரம் ஒரு பக்கம், அடுத்த வாரம் மறுபக்கம். ஞாயிறு மாலை மாற்றாவிட்டால் அபராதம்.

ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன பார்ப்பது?

காலையில் எங்கர் டவர். மேலேறினால் துறைமுகம், பாலம், மணல் திட்டு எல்லாம் காலடியில். பிறகு கேனல் பார்க், கப்பல் வந்தால் கப்பல். மதியத்துக்கு மேல் 61-ம் நெடுஞ்சாலையில் வடக்கே கூஸ்பெரி அருவி, நேரமிருந்தால் 1910-ல் கட்டிய ஸ்ப்ளிட் ராக். செப்டம்பர் நடுவில் போகிறவர்கள் ஹாக் ரிட்ஜை விடாதீர்கள்: தெற்கே வலசை போகும் பருந்துகள் பெரிய ஏரியைத் தாண்டப் பயந்து கரையோரமாகவே வந்து இந்தக் குன்றின் மேல் கூடுகின்றன, நல்ல நாளில் ஆயிரக்கணக்கில். க்ளென்ஷீன் மாளிகை பணக்காரத் தாது முதலாளியின் வீடு, அழகுதான், நேரம் குறைவென்றால் விட்டுவிடலாம்.

சாப்பாடு, கோயில்?

ஊர் விசேஷம் புகை போட்ட ஏரி மீன், காட்டரிசி சூப். காட்டரிசி ஓஜிப்வே மக்கள் ஏரிகளில் படகில் போய்த் தட்டி எடுப்பது, கறுப்பாக நீளமாக இருக்கும். கடையில் வாங்கும்போது கையால் அறுவடை செய்ததா என்று கேட்டு வாங்குங்கள். சைவக்காரர்கள் கட்டுச்சோறு எடுத்துப்போவது உத்தமம். பெரிய கோயில் என்றால் மினியாபோலிஸ் பக்கத்து மேப்பிள் குரோவ்தான், போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம்.

பருவநிலை மாற்றத்துக்குத் தப்பிய ஊர் என்கிறார்களே?

ஜெஸ்ஸி கீனன் என்ற ஆய்வாளர் 2019-ல் பாதி விளையாட்டாகச் சொன்னது செய்திகளில் பற்றிக்கொண்டது. தண்ணீர் உண்டு, குளிர் உண்டு, காலி இடம் உண்டு, உண்மைதான். ஆனால் 2018-ல் புயல் அலைகள் கரையோர நடைபாதையைப் பெயர்த்துப் போட்டன. வந்து குடியேறுகிறவர்களால் வீட்டு வாடகை ஏறுகிறது என்ற புலம்பலும் ஊரில் கேட்கிறது.

சாலையில் சீல் படுத்திருந்த படம் நிஜமா?

நிஜம். 2012 ஜூனில் ஒரே ராத்திரியில் கொட்டிய மழையில் ஓடைகள் பொங்கி மிருகக்காட்சி சாலை மூழ்கியது. பண்ணை விலங்குகள் பல இறந்துபோயின. ஃபைஸ்டி என்ற சீல் வேலி தாண்டி கிராண்ட் அவென்யூவின் நடுரோட்டுக்கு வந்துவிட்டது, ஒரு பனிக்கரடியும் தன் இடத்தை விட்டு வெளியே வந்தது. இரண்டையும் பத்திரமாகப் பிடித்து, பிறகு செயின்ட் பால் நகரத்து மிருகக்காட்சி சாலைக்கு அனுப்பிவிட்டார்கள்.